மருந்தின் கணக்கில் நம் உடல் இருக்கிறதா?

மனிதருக்குக் கொடுக்கும் முன்பே ஒரு மாத்திரை உடலுக்குள் என்ன செய்யும் என்று கம்ப்யூட்டரில் கணித்துவிடுகிறார்கள். பல உயிர்களைக் காக்கும் இந்தக் கணக்கு, யாருடைய உடலை வைத்துப் போடப்பட்டது?

அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் உள்ள கடற்படை மருத்துவமனை. 39 வயதுப் பெண் ஒருவரை அழைத்து வருகிறார்கள். இரண்டு நாள்களாகத் தலை சுற்றுகிறது, திடீர் திடீரென்று மயங்கி விழுகிறார். இதற்கு முன் இதயக் கோளாறு எதுவும் இருந்ததில்லை. இ.சி.ஜி. எடுத்த டாக்டர்கள் திடுக்கிடுகிறார்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் இதயம் மறுபடி தயாராவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஆபத்தான அளவுக்கு நீண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையில் ஓடும் கோடு முறுக்கிக்கொண்டு தாறுமாறாகத் துள்ளுகிறது. இன்னும் சில நிமிடங்கள் அது நீடித்தால் இதயம் நின்றுவிடும்.

அவர் என்ன சாப்பிட்டார்? அலர்ஜிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த டெர்ஃபெனடின். தூக்கம் வரவழைக்காத மாத்திரை என்று உலகமே கொண்டாடிய மருந்து. கூடவே, டாக்டரிடம் கேட்காமல், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல். இரண்டும் அன்றாடம் லட்சக்கணக்கானோர் விழுங்கிய சாதாரண மாத்திரைகள்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ரத்தத்தைச் சோதித்தபோதுதான் விஷயம் விளங்கியது. டெர்ஃபெனடின் வாய் வழியே போனால் கல்லீரலைத் தாண்டுவதற்குள் கிட்டத்தட்ட முழுவதும் வேறொரு பொருளாக மாறிவிடும். அலர்ஜியைத் தணிப்பது அந்த மாறிய பொருள்தான். மாற்றும் வேலையைச் செய்வது ‘சிப் 3ஏ4’ என்ற நொதி. கீட்டோகோனசோல் அந்த நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் ஏறி, நேராக இதயத்தைத் தாக்கியது.

1990 டிசம்பரில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் இந்த நோயாளியின் கதை வெளியானது. அதன் பிறகும் அந்த மருந்து அமெரிக்கச் சந்தையை விட்டு வெளியேற 1998 வரை ஆனது. டெர்ஃபெனடின் உடலுக்குள் எந்தப் பொருளாக மாறியதோ, அதையே தனி மாத்திரையாக்கினார்கள். இன்று நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபெக்ஸோஃபெனடின் அதுதான்.

ஒரு மருந்து எந்த நொதியால் சிதைகிறது, எந்த மருந்து அந்த நொதியை முடக்குகிறது என்ற இரண்டு விவரங்களையும் சோதனைக்குழாயில் அளந்துவிடலாம். அளந்ததைக் கணினியில் கொடுத்தால், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவரின் ரத்தத்தில் மருந்து எத்தனை மடங்கு ஏறும் என்று அது சொல்லிவிடும். பெதஸ்டாவில் ஒரு பெண் மயங்கி விழுந்து தெரியவந்த உண்மையை, இன்று யாரும் மயங்கி விழாமலே கண்டுபிடிக்க முடியும்.

ஏரி, வாய்க்கால், மதகு

விழுங்கிய மாத்திரை வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. முதலில் குடலில் கரைய வேண்டும், பிறகு குடல் சுவரைக் கடக்க வேண்டும். அங்கிருந்து ரத்தம் அதைக் கல்லீரலுக்குத்தான் கொண்டுபோகும். கல்லீரல் தன் பங்குக்கு ஒரு பகுதியைச் சிதைக்கும். மிச்சம் உடல் முழுக்கப் பரவும், கொழுப்பில் தங்கும், ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், கடைசியில் சிறுநீரிலோ மலத்திலோ வெளியேறும்.

ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் பாயும் நம்மூர்ச் சங்கிலி ஏரிகளைப் போல இதைக் கணக்காக்கலாம். உறுப்பு ஒவ்வொன்றும் ஓர் ஏரி. ரத்த ஓட்டம் வாய்க்கால். நொதிகளும் சிறுநீரகமும் மதகுகள். ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அதில் கால் பங்குக்கும் மேல் கல்லீரல் வழியாகவும், ஏறக்குறைய ஒரு லிட்டர் சிறுநீரகங்கள் வழியாகவும் போகிறது. எந்த ஏரியின் கொள்ளளவு எவ்வளவு, எந்த வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது, எந்த மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது தெரிந்தால், எத்தனை மணிக்கு எந்த உறுப்பில் எவ்வளவு மருந்து நிற்கும் என்பதையும் சொல்லிவிடலாம்.

ஸ்வீடனின் உப்சாலாவில் டார்ஸ்டன் டியோரல் என்ற உடலியல் அறிஞர் இந்தக் கணக்கை 1937-லேயே எழுதிவிட்டார். சமன்பாடுகள் இருந்தன, அவற்றைத் தீர்க்க இயந்திரம்தான் இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் இன்னொரு குறை தொடர்ந்தது. கணக்கில் இருந்தவர் ‘சராசரி மனிதர்’. அப்படி ஒருவர் எந்த ஊரிலும் கிடையாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த ‘சிம்சிப்’ போன்ற மென்பொருள்கள் இந்த இடத்தில் பெரிய அடி எடுத்துவைத்தன. ஒருவரை விட்டுவிட்டு நூறு பேரைக் கணினிக்குள் உருவாக்கின. ஒருவருக்குக் கல்லீரல் சிறியது, இன்னொருவருக்கு நொதி அதிகம், மூன்றாமவருக்கு எழுபது வயது, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. மருந்தை நூறு பேருக்கும் கொடுத்துப் பார்க்கலாம். யாருக்கும் ஊசி குத்த வேண்டியதில்லை.

■ பெட்டிச் செய்தி: கணினி மனிதருக்கு என்னென்ன தர வேண்டும்?

மருந்தைப் பற்றி: எவ்வளவு கரையும், குடல் சுவரைக் கடக்குமா, ரத்தப் புரதத்தோடு எத்தனை சதவிகிதம் ஒட்டும், மனிதக் கல்லீரல் செல்களில் எவ்வளவு வேகமாகச் சிதையும்.

உடலைப் பற்றி: வயது, எடை, பாலினம், உறுப்புகளின் அளவு, ரத்த ஓட்டம், நொதிகளின் அளவு, அந்த நொதிகளுக்கான மரபணு வகைகள்.

கிடைக்கும் விடை: மாத்திரை போட்ட நேரத்திலிருந்து ரத்தத்திலும் உறுப்புகளிலும் மருந்தின் அளவு ஏறி இறங்கும் கோடு. அந்தக் கோடு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் மருந்து பயன்படாது. மேல் எல்லையைத் தாண்டினால் அதுவே நஞ்சு.

லேபிளில் ஏறிய கணக்கு

இதெல்லாம் ஆய்வுக்கூடத்து விளையாட்டு என்று நினைத்தால், ரத்தப் புற்றுநோய்க்கான இப்ருடினிப் மருந்தின் லேபிளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. கீட்டோகோனசோலோடு சேர்த்துக் கொடுத்தால் உடலில் சேரும் அளவு 24 மடங்கு கூடுகிறது என்று மனிதர்களிடம் நடத்திய சோதனையில் அளந்தார்கள். எரித்ரோமைசின், டில்டியாசெம் போல அந்த நொதியை மிதமாக முடக்கும் மருந்துகளோடு கொடுத்தால்? அதற்குத் தனிச் சோதனை நடத்தவில்லை. கணினி மாதிரி 6 முதல் 9 மடங்கு என்று சொன்னது. அந்த எண் லேபிளில் ஏறியது. அதை வைத்து டோஸும் முடிவானது. ஏற்கெனவே நோயில் தளர்ந்திருப்பவர்களை ஒவ்வொரு மருந்துக் கூட்டணிக்கும் சோதனைக்கு உட்படுத்தாமல் பதில் கிடைத்தது பெரிய காரியம்.

நிவோலுமேப் என்ற இம்யூனோதெரபி மருந்தை முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். 2018 மார்ச்சில், இரட்டிப்பு அளவை நான்கு வாரத்துக்கு ஒருமுறை தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அதற்கு ஆதாரம், ஏற்கெனவே சேகரித்திருந்த நோயாளிகளின் ரத்த அளவுகளை வைத்து ஓட்டிய கணினி மாதிரி. புற்றுநோயாளியும் அவரைக் கூட்டிக்கொண்டு போகும் வீட்டாரும் படும் பாட்டில் பாதி குறைந்தது. இதே மாதிரியான விண்ணப்பத்தை பெம்ப்ரோலிஸுமேப் மருந்துக்குக் கொண்டுபோனபோது 2020 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. மறுத்தது. கொரோனா பரவியதும், ஆஸ்பத்திரிக்கு வருவதே ஆபத்தான ஏப்ரலில், ஆறு வாரத்துக்கு ஒருமுறை தர நிபந்தனையோடு இசைந்தது.

இந்தியாவுக்கு இதைவிட முக்கியமான கதை மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்தது. நிவோலுமேப் போய் ஒட்ட வேண்டிய ஏற்பிகள் மிகக் குறைந்த டோஸிலேயே நிரம்பிவிடுகின்றன என்று ஆரம்ப கால ஆய்வுகள் காட்டியிருந்தன. ஏற்பிகள் நிரம்பிய பிறகு கூடுதலாக ஏற்றும் மருந்து எதற்கு? முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் டாடா மருத்துவர்கள் சோதித்தார்கள். எல்லோருக்கும் மலிவான மாத்திரை மருந்துகள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமேப். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 16.3 சதவிகிதம், குறைந்த டோஸ் நிவோலுமேப் சேர்த்த பிரிவில் 43.4 சதவிகிதம். 2022-ல் வெளியான இந்த முடிவு, பணமில்லாததால் சிகிச்சையே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத் திறந்த கதவு. டோஸ் பற்றிய கணக்கு வழி காட்டியது. மனிதர்களிடம் நடந்த சோதனை அதை மெய்ப்பித்தது. இந்த வரிசை மாறக் கூடாது என்பதே இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

சர்க்கரை நோயிலும் ஒரு திருப்பம். 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய கணினி மாதிரியை, தானாக இன்சுலின் செலுத்தும் கருவிகளைப் பரிசோதிக்க விலங்குகளுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று எஃப்.டி.ஏ. ஏற்றுக்கொண்டது. அதற்குள் 100 பெரியவர்கள், 100 வளரிளம் பருவத்தினர், 100 குழந்தைகள் என 300 கணினி நோயாளிகள். சர்க்கரை அபாயகரமாக இறங்கும் நிலைகளையெல்லாம் முதலில் அவர்களிடம் சோதித்துவிட்டுத்தான் நிஜக் குழந்தைகளிடம் போனார்கள்.

இரவு இரண்டு மணி, லண்டன்

டெர்ஃபெனடினின் நஞ்சு இதயத்தில் விளைந்தது. அந்த இதயத்தைக் கணக்காக்கிய கதை இதைவிடப் பழையது.

1960. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டெனிஸ் நோபிள் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர். லண்டன் பல்கலைக்கழகம் முழுமைக்கும் இருந்தது ஒரே ஒரு ‘ஃபெராண்டி மெர்க்குரி’ கம்ப்யூட்டர். இயற்பியலாளர்கள் வரிசையில் நிற்க, உயிரியல் படிக்கும் பையனுக்கு எதற்கு கம்ப்யூட்டர் என்று தயங்கினார்கள். கடைசியில் கிடைத்தது இரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. அதை முடித்துக்கொண்டு விடிகாலையில் இறைச்சிக்கூடத்துக்குப் போய்ச் செம்மறி ஆட்டு இதயங்களை வாங்கி வருவார். பகலில் அவற்றில் மின்னோட்டத்தை அளப்பார். இதய செல்லின் சவ்வில் சோடியமும் பொட்டாசியமும் உள்ளே வெளியே போகும் வேகத்தைச் சமன்பாடாக எழுதினார். துடிக்க வேண்டும் என்ற கட்டளை அந்தச் சமன்பாடுகளில் எங்கும் இல்லை. கணக்கை ஓட்டினார், செல் தானாகத் துடித்தது.

அந்த வழியில் வந்த இதய மாதிரிகள் இன்று மருந்துகளைச் சோதிக்கின்றன. இதயத்தில் பொட்டாசியம் போகும் ஒரு வாசலை மருந்து அடைத்தால் துடிப்பு குலையும். டெர்ஃபெனடின் செய்தது அதைத்தான். ஆனால் அந்த வாசலை அடைத்தும் ஆபத்து விளைவிக்காத மருந்துகளும் உண்டு. அவை வேறு வாசல்களையும் சேர்த்து அடைத்துச் சமன் செய்துவிடுகின்றன. ஒரு வாசலை மட்டும் பார்த்தால் நல்ல மருந்தும் குப்பைக்குப் போகும். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 62 மருந்துகளை மனித இதய செல் மாதிரிகளில் ஓட்டி 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று மாதிரி சரியாகச் சொன்னது 89 சதவிகிதம். விலங்குச் சோதனைகள் எட்டியிருந்தது அதிகபட்சம் 75 சதவிகிதம்.

குரங்கு சொல்லாதது

2006 மார்ச் 13. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு டி.ஜி.என்.1412 என்ற புதிய ஆன்டிபாடி மருந்தை, சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள். குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-ல் ஒரு பங்குதான். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேரும் துடித்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலமே அவர்கள் உடலைத் தாக்கியது. உறுப்புகள் செயலிழந்தன. உயிர் பிழைத்தது தீவிர சிகிச்சையால். ஒருவர் விரல் நுனிகளை இழந்தார்.

பின்னர் பிரிட்டிஷ் அரசு அமைத்த நிபுணர் குழு ஒரு கணக்குப் போட்டது. அந்தச் சின்ன டோஸிலேயே மருந்து போய் ஒட்டும் ஏற்பிகளில் ஏறத்தாழ 90 சதவிகிதம் நிரம்பியிருக்கும். கால்குலேட்டர் இருந்தாலே போதும், போட்டுவிடலாம். ‘குரங்கு தாங்கிய அளவில் இத்தனையில் ஒரு பங்கு’ என்ற மரபு வழியைப் பிடித்துக்கொண்டதால் ஏற்பிக் கணக்கு முதல் டோஸைத் தீர்மானிக்கவில்லை. மனித செல்களில் இருந்த அந்த ஏற்பி, குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை என்பதும் பிறகு தெரியவந்தது.

விலங்குகளின் உடல் பல நேரம் நமக்குப் பொய் சொல்கிறது என்பதற்கு இது ஒரே சாட்சி இல்லை. 1993-ல் ஃபியாலுரிடின் என்ற ஹெபடைடிஸ் பி மருந்து, எலி முதல் குரங்கு வரை தாண்டி வந்து, மனிதர்களில் கல்லீரலை அழித்தது. 15 பேர் சோதனையில் ஐந்து பேர் இறந்தார்கள்.

■ பெட்டிச் செய்தி: மாறிய சட்டங்கள்

2022 டிசம்பர்: புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற 1938 முதலான விதியை அமெரிக்கா தளர்த்தியது. செல் சோதனை, கணினி மாதிரி ஆகியவையும் சட்டத்தில் இடம்பெற்றன.

2023 மார்ச்: இந்தியா புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளைத் திருத்தியது. உறுப்புச் சில்லுகள், செல்களில் வளர்த்த சிற்றுறுப்புகள், கணினி மாதிரிகள் ஆகியவற்றுக்கு அனுமதி.

2025 ஏப்ரல்: ஆன்டிபாடி மருந்துகளில் தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை எஃப்.டி.ஏ. அறிவித்தது.

ஐவர்மெக்டின்: கேட்கப்படாத கணக்கு

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆக்சிஜனுக்கு அலைந்த நாள்களில் மெடிக்கல் ஷாப்களில் ஐவர்மெக்டின் அட்டைகளுக்கும் கூட்டம். கோவா அரசு, 18 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தினம் 12 மில்லிகிராம், ஐந்து நாள் தரப்போவதாக அறிவித்தது. நாடு முழுக்க வீட்டுக்கு வீடு அந்த மாத்திரை போனது.

இதன் தொடக்கம் 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வு. தட்டில் வளர்த்த செல்களில் ஐவர்மெக்டினை ஊற்றியபோது, 48 மணி நேரத்தில் கொரோனா வைரஸின் மரபணுப் பொருள் சுமார் 5,000 மடங்கு குறைந்தது. செய்தி பரவியது. ஆனால் அந்தத் தட்டில் வைரஸைப் பாதியாக்க எவ்வளவு மருந்து தேவைப்பட்டது? ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 1,750 நானோகிராம். 12 மில்லிகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் உச்சபட்சமாக ஏறுவது சுமார் 50 நானோகிராம். 35 மடங்கு பற்றாக்குறை. ஏறுவதிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பங்கு வைரஸை அண்டாது.

அமெரிக்க மருந்தியல் நிபுணர்கள் சிலர் இந்தக் கணக்கை நுரையீரல் வரை நீட்டி, 2020 மே மாதமே பிரசுரித்தார்கள். அனுமதிக்கப்பட்ட அளவைப் போல பத்து மடங்கு கொடுத்தாலும் எட்டாது. எனவே வழக்கமான டோஸில் நடத்தும் சோதனை வெற்றி பெற வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் முடிவு. இந்தியாவின் இரண்டாம் அலைக்கு முழுதாக ஓராண்டுக்கு முன்பு. 2021 செப்டம்பரில்தான் தேசிய நெறிமுறையிலிருந்து ஐவர்மெக்டின் நீக்கப்பட்டது. பிரேசிலில் 1,358 பேரிடம் நடத்திய சோதனை, பலன் இல்லை என்று 2022 மார்ச்சில் சொன்னது. நம் மக்கள் அந்த மாத்திரைக்குக் கொடுத்த காசைவிட, அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் கழித்த நாள்கள்தான் என்னை வருத்துகின்றன.

அதே கொரோனா காலம் கணினி மாதிரியின் எதிர்ப்பக்கத்தையும் காட்டியது. 2020 மார்ச்சில் சீன ஆய்வாளர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நுரையீரலில் எவ்வளவு சேரும் என்று கணித்து, ஒரு டோஸையும் பரிந்துரைத்தார்கள். நுரையீரலில் போதுமான அளவு சேரும் என்றது மாதிரி. உலகம் முழுக்க அந்த மருந்து ஓடியது. பிரிட்டனின் ‘ரெக்கவரி’ சோதனையில் மருந்து பெற்ற 1,561 பேரில் 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 27 சதவிகிதம். பெறாத 3,155 பேரில் 25 சதவிகிதம். மருந்து உதவவில்லை.

கணக்கு எங்கே தவறியது? வைரஸை எவ்வளவு மருந்து தடுக்கும் என்ற எண், ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகச் செல்லிலிருந்து எடுக்கப்பட்டது. மனித நுரையீரல் செல்லுக்குள் கொரோனா வைரஸ் நுழையும் வழியே வேறு. அந்த வழியைக் குளோரோகுயின் வகை மருந்துகள் அடைப்பதில்லை என்று 2020 ஜூலையில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருந்து எங்கே போகும் என்பதைச் சரியாகச் சொல்லும் மாதிரிகூட, அங்கே போய் அது என்ன செய்யும் என்ற எண் பிழையாக இருந்தால் பிழையான டோஸைத்தான் எழுதிக்கொடுக்கும். அதுவும் இரண்டு தசம இடம் வரை துல்லியமாக. அந்தத் துல்லியத்தில் மயங்குபவர்களில் மருத்துவர்களும் உண்டு.

யாருடைய ரத்தம்?

வார்ஃபரின் என்ற ரத்த உறைவு எதிர்ப்பு மருந்துக்கு டோஸ் நிர்ணயிப்பது கத்தி மேல் நடப்பது. கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் பக்கவாதம். ஒருவரின் மரபணுவைப் பார்த்து டோஸைக் கணிக்கும் சூத்திரத்தை அமெரிக்காவில் 1,015 நோயாளிகளிடம் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் சூத்திரத்தால் லாபமில்லை. கறுப்பின நோயாளிகளுக்கு நஷ்டம். அவர்கள் ரத்தம் சரியான பதத்தில் இருந்த நேரம், மரபணுச் சூத்திரத்தைப் பின்பற்றியவர்களுக்கு 35.2 சதவிகிதம், சாதாரணச் சூத்திரத்தைப் பின்பற்றியவர்களுக்கு 43.5 சதவிகிதம். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் மரபணு வகைகளை அந்தச் சூத்திரம் கணக்கில் எடுக்கவேயில்லை.

பெண்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1992-ல். பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையில் கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் தங்கியிருக்கிறது என்று சொல்லி எஃப்.டி.ஏ. அவர்களுக்கு டோஸைப் பாதியாக்கியது 2013-ல். இருபது ஆண்டுகள், பாதி மனித குலம் மற்ற பாதியின் டோஸை விழுங்கியிருக்கிறது. கர்ப்பிணிகளின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலான சோதனைகளில் அவர்களைச் சேர்ப்பதே இல்லை.

சரி, நாம்? கொழுப்பைக் குறைக்க நம்மூரில் பரவலாக எழுதப்படும் ரோசுவாஸ்டாட்டினை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வாழும் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் நால்வகையினருக்கும் ஒரே டோஸ் கொடுத்து ரத்தத்தை அளந்த ஆய்வு 2005-ல் வெளியானது. வெள்ளையரைவிடச் சீனர் உடலில் 2.3 மடங்கு, இந்தியர் உடலில் 1.6 மடங்கு மருந்து சேர்ந்தது. ஒரே நகரம், ஒரே காற்று. ஆசிய வம்சாவளியினருக்கு 5 மில்லிகிராமில் தொடங்குங்கள் என்று அமெரிக்க லேபிள் சொல்கிறது. ‘ஆசியர்’ என்ற ஒரே பெட்டிக்குள் டோக்கியோவும் தூத்துக்குடியும் அடைக்கப்பட்டிருக்கின்றன.

சேத்துப்பட்டில் தெரிந்திருந்தது

வேதனை என்னவென்றால், இந்தப் பாடத்தின் ஒரு முக்கியமான அத்தியாயம் எழுதப்பட்டது சென்னையில். 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது. ஐசோனியசிட் மாத்திரையைச் சிலர் உடல் வேகமாகவும் சிலர் உடல் மெதுவாகவும் சிதைப்பதை அங்குள்ளவர்கள் அறுபதுகளில் நோயாளி நோயாளியாக அளந்தார்கள். சென்னை நோயாளிகளில் சுமார் 60 சதவிகிதத்தினர் மெதுவாகச் சிதைப்பவர்கள். மெதுவாகச் சிதைப்பவருக்கு மருந்து உடலில் தேங்கி நரம்பு பாதிக்கும். கை கால் எரியும். வேகமாகச் சிதைப்பவருக்கோ மருந்து போதாமல் போகும். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து தரும் முறையை மையம் சோதித்தபோது, தோற்றது பெரிதும் அந்த வேகமான உடல்களிடம்தான். இன்று கணினி மாதிரிகள் ‘மரபணு வேறுபாடு’ என்று கட்டம் போட்டுக் கேட்கும் தகவலை, கம்ப்யூட்டர் இல்லாமல் மதராஸ் ஆஸ்பத்திரிகளில் திரட்டியிருக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் உலகமே தாமதமாகத்தான் விழித்தது. எடைக்கு எடை பார்த்தால் சிறு குழந்தையின் கல்லீரல் பெரியவருடையதைவிட வேகமாக மருந்தைச் சிதைக்கும். பெரியவர் டோஸைக் கிலோ கணக்கில் பிரித்துக் கொடுத்தால் குழந்தைக்குப் போதாது. காசநோய்க் குழந்தைகளுக்கு ஐசோனியசிட்டை கிலோவுக்கு 5-லிருந்து 10 மில்லிகிராமாகவும், ரிஃபாம்பிசினை 10-லிருந்து 15 ஆகவும் உலக சுகாதார நிறுவனம் உயர்த்தியது 2010 வாக்கில்தான். பிறந்த குழந்தைக்கோ கதை தலைகீழ், நொதிகளே முதிர்ந்திருக்காது. அது புரியாமல் குளோராம்ஃபெனிகால் கொடுத்த சிசுக்கள் உடல் சாம்பல் நிறமாகி இறந்ததை 1959-ல் டாக்டர்கள் பதிவு செய்தார்கள். ஊட்டமில்லாமல் மெலிந்த குழந்தையின் குடலும் கல்லீரலும் எப்படி நடந்துகொள்ளும் என்பது, ஷெஃபீல்டில் எழுதும் மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. அந்த எண்ணை நாம்தான் அளந்து கொடுக்க வேண்டும்.

அளக்க ஆளில்லாமல் இல்லை. புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறை, மருந்தைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களைத் தமிழர்களிடம் ஆராய்ந்திருக்கிறது. ‘சிப் 2சி19’ நொதி சரியாக வேலை செய்யாதவர்கள் ஐரோப்பியரைவிட நம்மிடம் கணிசமாக அதிகம். ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரெல் உடலில் வேலை செய்ய இந்த நொதி வேண்டும். இதய நோயாளிகள் நிறைந்த மாநிலத்துக்கு இது சின்னச் செய்தியா?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு டாக்ரோலிமஸ் அளவையும், வலிப்பு நோயாளிகளுக்கு ஃபெனிடாயின் அளவையும் நம் பெரிய ஆஸ்பத்திரிகளின் லேப்கள் ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து டோஸை மாற்றியதோடு ரிப்போர்ட் ஃபைலுக்குள் போய்விடுகிறது. நோயாளியின் சம்மதம் பெற்று, பெயரை நீக்கி, வயது, எடை, உடன் சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றோடு திரட்டினால், நம் உடல்களின் மாதிரியைக் கட்ட அதுவே அடித்தளம். அதற்குப் புதிய ஊசி தேவையில்லை. அரசு ஒதுக்கும் நிதியும், தகவலை விற்காமல் காக்கும் சட்டக் காவலும் போதும். 2023-ல் விதிகளைத் திருத்திய மத்திய அரசு, கணினி மாதிரியைக் கொண்டுவரும் நிறுவனத்திடம் ‘இதில் இந்திய உடல்கள் எத்தனை?’ என்ற கேள்வியையும் கட்டாயமாக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதிலில்லாத விண்ணப்பத்தை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

■ பெட்டிச் செய்தி: வாசகர்கள் கவனிக்க

எந்த டாக்டரிடம் போனாலும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடையில் நீங்களாக வாங்கியதும், சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அதில் சேரும்.

பூஞ்சைத் தொற்றுக்கான பல மாத்திரைகள், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை ‘சிப் 3ஏ4’ நொதியை முடக்கக்கூடியவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறு. நொதியைத் தூண்டிவிட்டு, கருத்தடை மாத்திரை உள்ளிட்ட பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும்.

கிரேப் ஃப்ரூட் சாறு குடலில் உள்ள இதே நொதியை முடக்குகிறது. அந்தப் பழம் நம்மூரில் அரிது. ஆனால் அதன் உறவான பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. கொழுப்பு, ரத்த அழுத்தம், உறுப்பு மாற்று சிகிச்சைக்கான மருந்துகள் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குத் தராதீர்கள். குழந்தைக்கான டோஸைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.